கோடைக்கால கிறிஸ்துமஸும் ஆஸ்திரேலிய ஒயினும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் விடுமுறை நடுக்கோடையில் வருகிறது. அடிலெய்டு பக்கம் அந்த நாட்களில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒயின் சுவைக்காமல் போனால் பெரும்பாலும் இந்தச் சூடுதான் காரணம்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் பிறந்த விதி. அங்கே அறை என்றால் 16, 18 டிகிரிதான். தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா வட்டாரத்தில் விளையும் ஷிராஸ் என்ற அழுத்தமான சிவப்பு ஒயினை 28 டிகிரி அறையிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் பிளம் பழ வாசமும் மிளகு வாசமும் பின்னால் போய்விடும். ஆல்கஹாலின் நெடிதான் மூக்கில் ஏறும். 14.5 சதவீத ஆல்கஹால் அந்த ஒயினில் சகஜம். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். விக்டோரியா மாநிலத்து யாரா பள்ளத்தாக்கின் பினோ நுவார் போன்ற மென்மையான சிவப்புக்கு இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி நல்லது.

வெள்ளை ஒயினில் தவறு நேர் எதிர். ஃபிரிட்ஜின் 4 டிகிரியிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் வாசமே எழாது. கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் 8 டிகிரியில் நன்றாக இருக்கும். மார்கரெட் ரிவர் வட்டாரத்தின் சார்டனேக்கு 11, 12 டிகிரி வேண்டும். உயர்ந்த ஒயின்தான் அதிகக் குளிரில் அதிகம் இழக்கிறது.

அடுத்தது அவசரத் தீர்ப்பு. ஹண்டர் பள்ளத்தாக்கின் செமியோன் என்ற வெள்ளை ஒயினை இளசாகச் சுவைத்தவர்கள் 'வெறும் எலுமிச்சைப் புளிப்பு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் ஆல்கஹால் 11 சதவீதம்கூட இருக்காது, மரப்பீப்பாயின் சாயலும் இல்லை. அதே ஒயின் பத்து வருடம் பாட்டிலில் கிடந்தால் தேனும் வாட்டிய ரொட்டியும் மணக்கும். இளசு ஒன்றும் முதிர்ந்தது ஒன்றும் வாங்கி அடுத்தடுத்துச் சுவையுங்கள். இந்த நாட்டின் ஒயினைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. திருகு மூடியைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று நினைக்கவும் வேண்டாம். கிளேர் தயாரிப்பாளர்கள் பலர் 2000-ஆம் ஆண்டில் கூட்டாகத் தங்கள் ரீஸ்லிங்குக்குத் திருகு மூடி போட்டது, தக்கையால் ஒயின் கெட்டுப்போவதைத் தடுக்கத்தான்.

சுவைக்கும் வரிசை எளிது: வெள்ளை, மெல்லிய சிவப்பு, அழுத்தமான சிவப்பு. ரதர்க்ளென் மஸ்கட் போன்ற இனிப்பு ஒயின் கடைசியில்.

ஒயின் தோட்டங்களின் சுவைக்கூடத்துக்குப் போனால் எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதில்லை. துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். அதில் துப்புவது அங்கே மரியாதைக்குறைவு கிடையாது. 14.5 சதவீத ஷிராஸ் 150 மில்லி குடித்தால் 17 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. ஆஸ்திரேலியக் கணக்கில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' 10 கிராம்தான். முழு ஓட்டுநர் உரிமம் உள்ளவர்களுக்கே ரத்த ஆல்கஹால் வரம்பு 0.05 சதவீதம். அதனால் வண்டி ஓட்டுபவரை முன்பே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம், வாங்கிய பாட்டில்களைக் கார் டிக்கியில் போட்டுவிட்டு மதியம் முழுக்கச் சுற்றாதீர்கள். அந்தச் சூட்டில் ஒயின் வெந்துவிடும், பிறகு குளிரவைத்தாலும் பயனில்லை.

கடைசியாக, படம் எடுக்கக் கொடிகளுக்கு நடுவே இறங்க வேண்டாம். வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சி யாரா பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்னும் நுழையவில்லை. பரோசாவில் 1840-களில் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்ப்பது அதனால்தான். செருப்பில் ஒட்டிய மண்ணோடு அந்தப் பூச்சி ஊர்விட்டு ஊர் போய்விடும்.