உப்பின் மஞ்சள் கோட்டில் இருந்து சோடியத்தின் சக்தி மட்டங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆனையிறவு உப்பு ஒரு சிட்டிகையை ஈரக் கம்பியில் தொட்டு ஸ்பிரிட் விளக்கில் பிடியுங்கள். சுவாலை மஞ்சளாகும். அந்த மஞ்சளைத் திருசியமானியில் (ஒளியைப் பிரித்து அலைநீளம் அளக்கும் கருவி) பார்த்தால், உண்மையில் நெருங்கிய இரண்டு கோடுகள். அணுவின் இலத்திரன் ஒரு சக்தி மட்டத்தில் இருந்து கீழ் மட்டத்துக்கு விழும்போது ஒரு கோடு வரும். அந்த இரு மட்டங்களின் வித்தியாசமே கோட்டின் சக்தி. உயர்தரத்தில் எல்லாரும் செய்யும் ஐதரசனை இங்கே எடுக்கவில்லை. அதற்குச் சூத்திரம் கையில் இருக்கிறது. சோடியத்தில் கோடுகளைக் கழித்தும் கூட்டியும்தான் மட்டங்களைப் பிடிக்கலாம்.

சுவாலையில் மற்றக் கோடுகள் எடுபடாது. ஆய்வுகூடச் சோடியம் விளக்கு வேண்டும். வீதியோர உயர் அமுக்கச் சோடியம் விளக்கில் இந்த மஞ்சள் கோடு (589 நனோமீற்றர்) அகன்று நடுவில் கறுத்திருக்கும், அதை அளக்க வேண்டாம். 568, 616 பக்கத்து இரட்டைகள் அதிலும் தெரியும்.

1. அளவைச் சரிபார்த்தல். சீஎப்எல் (சிறு புளொரொளிர்) குமிழில் பாதரசத்தின் 546.07, 576.96, 579.07 நனோமீற்றர் கோடுகளைப் பிடித்துத் திருசியமானியைச் சரிசெய்யுங்கள். 611 அருகே தெரியும் சிவப்பு, குமிழின் உட்பூச்சு தருவது. அதை நம்ப வேண்டாம். திருசியமானியில் ஒளி நுழையும் பிளவு அகலமாக இருந்தால் இரட்டைக் கோடு ஒன்றாகிவிடும். 589 இல் 0.1 நனோமீற்றர் பிசகினாலே அலையெண் (ஒரு சென்ரிமீற்றரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை, சக்திக்கு நேர்விகிதம்) 3 அளவு மாறும். நாங்கள் தேடும் வித்தியாசமோ வெறும் 17.

2. அலையெண். வளியில் அளந்த அலைநீளத்தை வெற்றிட அலைநீளமாக்க 1.000277 (வளியின் முறிவுச் சுட்டி) ஆல் பெருக்கி, வரும் எண்ணால் 1 கோடியை வகுத்தால் சென்ரிமீற்றருக்கு எத்தனை அலை என்று வரும். நூல்களில் உள்ள நுண்ணளவுகளுக்கு:

588.995 → 16973.37
589.592 → 16956.18
615.423 → 16244.49
616.075 → 16227.30
568.263 → 17592.61
568.820 → 17575.39

உங்கள் வாசிப்புகளைப் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள்.

3. கழித்தல். வித்தியாசங்கள் 17.19, 17.19, 17.22. மூன்று இடத்திலும் ஒரே இடைவெளி வந்தால், ஒரே இரட்டை மட்டம் மூன்றிலும் பங்கெடுக்கிறது.

4. எது கீழே? குளிர்ந்த சோடிய ஆவி இந்த ஆறில் 589 இரட்டையை மட்டுமே உறிஞ்சும். ஆகவே அது தரை மட்டத்தில் (எல்லாவற்றிலும் கீழான மட்டம், 0) தொடங்குகிறது. இரட்டை மட்டங்கள் 16956.18, 16973.37. மற்ற நான்கும் மேலிருந்து இந்த இரட்டையில் வந்து விழுபவை.

5. கூட்டல். பிழை விடுவது பெரும்பாலும் இங்கேதான். குறுகிய அலைநீளக் கோட்டின் அலையெண்ணை இரட்டையின் கீழ் மட்டத்தோடு கூட்ட வேண்டும்:

16956.18 + 16244.49 = 33200.67
16973.37 + 16227.30 = 33200.67

மாற்றிக் கூட்டினால் 33183.48, 33217.86 வரும். இடைவெளி 34.38, அதாவது 17.19 இன் இருமடங்கு. அதைக் கண்டால் சோடி தவறிவிட்டது. பிரகாசமும் காட்டிக்கொடுக்கும்: 589 இரட்டையில் குறுகிய அலைநீளக் கோடு பிரகாசம், 616 இல் நீண்டது.

568 இரட்டை 34548.79, 34548.76 தரும். அங்கே உண்மையில் இரண்டு மட்டங்கள் ஒட்டி இருக்கின்றன. ஆனால் 0.001 நனோமீற்றர் பிசகே 0.03 ஆகிவிடுவதால், இந்த எண்களை வைத்து அதை நிறுவ முடியாது. ஒரு மட்டமாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த மட்டங்களை இலத்திரன் வோற்று என்ற சக்தி அலகுக்கு மாற்ற 0.000123984 ஆல் பெருக்குங்கள்: 2.102, 2.104, 4.116, 4.283.