மணிக்கட்டு வழி ஆஞ்சியோகிராம்: வலியை விழுங்காதீர்கள்

“கையில் குழாய் விட்டார்கள், ஏறவில்லை. பிறகு தொடையில் விட்டார்கள். டாக்டருக்குக் கைப்பழக்கம் போதாது.” சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் என் பெரியப்பா இப்படித்தான் தீர்ப்புச் சொன்னார். ஏறாததற்குக் காரணம் பெரியப்பாவின் கையிலேயே இருந்தது.

மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தில் துடிப்பது ரேடியல் தமனி. 1989-இல் மொன்ட்ரியல் மருத்துவர் லூசியன் கம்போ இதன் வழியே மெல்லிய குழாய் விட்டு இதய ரத்தக்குழாய்களைப் படமெடுத்ததை (அதுதான் ஆஞ்சியோகிராம்) வெளியிட்டார். தொடை வழியைவிட ரத்தக்கசிவு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்பதால் இன்று பலரும் இவ்வழியையே நாடுகிறார்கள். ஆனால் எல்லாருக்கும் பாதை நேராக இருப்பதில்லை. முழங்கையை ஒட்டிப் பிரிய வேண்டிய தமனி சிலருக்கு அக்குள் அருகிலேயே பிரிந்து, மெலிந்து இறங்கும். சிலருக்கு முழங்கையருகே வளையமாகச் சுருண்டிருக்கும். அபூர்வமாக, வலக்கைக்கான பெருங்குழாய் இடம் மாறிக் கிளம்பி உணவுக்குழாயின் பின்னால் சுற்றி வரும். விழுங்கும்போது தொண்டையில் அடைப்பதுபோல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வளையம்தான் பொல்லாதது. அதன் வளைவிலிருந்து ஒரு மெல்லிய கிளை மேலே போகும். குழாய்க்கு முன்னால் வழிகாட்டிப் போகும் கம்பி அதற்குள் நுழைந்தது தெரியாமல் தள்ளினால் கிளை கிழிந்து முன்கையில் ரத்தம் தேங்கும். தடை தட்டியதும் நிறுத்தி, சிறிது சாயமருந்து செலுத்திப் படம் பார்ப்பதே முறை. மெல்லிய கம்பியால் கடக்கலாம். முடியாவிட்டால் மறு கை, அல்லது தொடை. மாற்றிக்கொண்ட டாக்டரைத் திட்டுவதில் நியாயமில்லை.

நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு வேறு. விடியலில் பால்மரம் சீவி வளர்ந்த தலைமுறை. வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். வேண்டவே வேண்டாம்! கம்பி நகரும்போது முன்கையில் சுரீரென்று வலித்தால், தமனி இறுகியிருக்கலாம், கம்பி தடம் மாறியிருக்கலாம். உடனே சொன்னால் தமனியைத் தளர்த்த மருந்து கொடுப்பார்கள், பாதையையும் பார்ப்பார்கள்.

வீடு திரும்பியபின் முன்கை வீங்கி இறுகினாலோ, விரல்கள் மரத்தாலோ தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மறுநாளே மோட்டார் சைக்கிளை முறுக்குவதும் கூடாது.

எந்தக் கையில் ஏன் ஏறவில்லை என்று எழுதிய அறிக்கையைத் தொலைப்பது இன்னொரு தவறு. பெரியப்பா திட்டிக்கொண்டே அதை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். இரண்டாம் முறை அதைப் படித்த டாக்டர் வலக்கையைத் தொடவே இல்லை. இடது மணிக்கட்டில் தொடங்கினார்.