கூலரில் பாட்டில் குளிரவில்லையா?

மெக்கானிக்குக்கு போன் போடும் முன் கூலரின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் சூடு வெளியேற வழியிருக்காது, மோட்டார் ஓய்வில்லாமல் ஓடும். நாலு விரல் இடைவெளியாவது விடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, சூட்டை வெளியே விடும் கண்டென்சர் கம்பிகளில் படிந்த தூசியைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

அப்புறம் கதவு ரப்பர். ஒரு பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். கொஞ்சம் இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. பெரும்பாலும் சிந்திய ஜூஸின் பிசுக்குதான் காரணம்; சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். ரப்பர் விறைத்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

கண்ணாடியின் வெளிப்பக்கம் மட்டும் வியர்த்தால் கவலை வேண்டாம், காற்றில் ஈரப்பதம் அதிகம், அவ்வளவுதான்.

மேஜை மேல் வைக்கும் குட்டி கூலர்களில் பலவற்றுக்குக் கம்ப்ரசரே கிடையாது. அறை வெப்பத்தைவிட ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி வரைதான் அவற்றால் குறைக்க முடியும். மே மாதம் 38 டிகிரி அறையில் ஐஸ் மாதிரி வேண்டும் என்றால் நடக்காது. அது ரிப்பேர் இல்லை. (கடையில் இதைச் சொல்லவும் மாட்டார்கள்.)

கம்ப்ரசர் உள்ள கூலர் என்றால், கரண்ட் போய் வந்ததும் 5 நிமிடம் விட்டுப் போடுங்கள். அப்படியும் ‘டிக்’கென்று சத்தம் மட்டும் வந்து அடங்கினால் வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்யும் ரிலே போயிருக்கலாம். அதற்கு மெக்கானிக்தான் வர வேண்டும்.