மூலைமட்டத்தால் கோபுரத்தை அளக்கலாம்

முக்கோணவியலில் டான் 45° = 1 என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளையை, ஒருநாள் வெயில் ஏறுமுன் வேலூர் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் இரண்டு மூலைமட்டங்களும் கையில் இருக்கட்டும்.

இரு பக்கமும் சமமாக உள்ள 45° மூலைமட்டத்தின் மேல்முனையில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். நிமிர்ந்த பக்கத்தை ஒட்டியே நூல் நின்றால் பிடித்திருப்பது சரி. சாய்ந்த பக்கத்தின் வழியே பார்த்தபடி மெல்லப் பின்னால் நகரச் சொல்லுங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் ராஜகோபுரத்தின் கலசம் அந்தக் கோட்டில் வந்ததும் நிற்க வேண்டும். டான் 45° = 1 என்பதால் தூரமும் கண் மட்டத்துக்கு மேலுள்ள உயரமும் சமம்; ஆகவே கோபுரத்துக்கு உள்ள தூரத்தோடு கண் மட்டத்தின் உயரத்தைக் கூட்டினால் கோபுர உயரம் வந்துவிடும். ஒன்று கவனம்: கலசத்துக்கு நேர் கீழே இருப்பது வாசலின் நடுப்பகுதி. வெளிச்சுவரோடு டேப்பை நிறுத்தினால் விடை குறையும். பலரும் தவறுவது இங்கேதான்.

பிறகு 30° மூலைமட்டம். இப்போது முன்பைப் போல 1.732 மடங்கு, அதாவது √3 மடங்கு தூரம் போக வேண்டும். √3 எங்கிருந்து வந்தது என்று நடக்கும்போதே புரியும்.

மடக்கையையும் (லாகரிதம்) இப்படியே மனப்பாடம் இல்லாமல் பழகலாம்; பெருக்கலைக் கூட்டலாக்கும் அதற்கு மூன்று எண்கள் போதும்: 2-க்கு 0.3010, 3-க்கு 0.4771, 7-க்கு 0.8451. முதல் இரண்டையும் கூட்டினால் 6-க்கு ஏறக்குறைய 0.7781. 10-க்கு மடக்கை 1; அந்த ஒன்றிலிருந்து 0.3010 கழித்தால் 5-க்கு 0.6990. திரும்பி வரும் பஸ்ஸிலேயே 4, 8, 9 மூன்றையும் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.