பழைய சமையலறைச் சாதனங்களுக்குப் புதுமுகம்: குறைந்த செலவில் நீங்களே செய்துகொள்ளும் வழி

பிரிட்ஜின் கம்ப்ரசர் ஒழுங்காக ஓடுகிறது, குளிர்ச்சியிலும் குறையில்லை. ஆனால் வெள்ளைக் கதவு பழுப்பேறிவிட்டது, கைப்பிடிக்கு அருகே பெயின்ட் உரிந்திருக்கிறது, கீழ் ஓரத்தில் துரு தலைகாட்டுகிறது. இந்த நிலை வந்ததுமே பலர் புதியது வாங்கும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நன்றாக உழைக்கும் ஓர் இயந்திரத்தைத் தோற்றத்துக்காக மட்டும் ஒதுக்கித் தள்ளுவதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கினால் போதும், அதை நீங்களே பளிச்சென்று மாற்றிவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த வேலையில் பெரும்பகுதி சுத்தம் செய்வதும் தேய்ப்பதும்தான். நிறம் பூசுவதோ வினைல் (பின்பக்கம் பசையுள்ள பிளாஸ்டிக் தாள்) ஒட்டுவதோ கடைசியில் வரும் சிறு பகுதி. மூன்றே மாதத்தில் உரிந்துபோன வேலைகளை அருகில் சென்று பாருங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.

முதலில் சாதனத்தைச் சோதியுங்கள்

மின்கம்பி வெடித்திருந்தாலோ, தொட்டால் லேசாக ஷாக் அடித்தாலோ, கருகிய வாடை வந்தாலோ அழகுபடுத்தும் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு எலக்ட்ரீஷியன்தான் தேவை.

பிரிட்ஜ் என்றால் கதவு ரப்பரையும் பாருங்கள். கதவுக்கும் உடலுக்கும் இடையே ஒரு தாளை வைத்து மூடி, மெல்ல இழுங்கள். சற்று முரண்டு பிடித்தபடி வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. வெதுவெதுப்பான சோப்பு நீரால் ரப்பரின் மடிப்புகளைத் துடைத்து, வளைந்த பகுதியை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி நேராக்கிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் ரப்பரை மாற்றிவிடுங்கள்.

இனி பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கீழே வரும் சூடு பார்க்கும் சோதனையைத் தவிர, வேறு எந்த வேலையும் மின் இணைப்பு இருக்கும்போது செய்யக்கூடாது. பிரிட்ஜின் கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் உள்ளே சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். கதவின் வெளிப்பக்கத்தைத் துடைக்கவும் அளவெடுக்கவும் அது தாராளம். கதவைத் திறந்து வைத்து வேலை செய்ய நேர்ந்தால் உள்ளே இருப்பதை முதலில் காலி செய்துவிடுங்கள்.

பிசுக்கை எடுப்பது

சமையல் ஆவியோடு மேலெழும் எண்ணெய், மெல்லிய படலமாக எல்லாவற்றின் மீதும் படிகிறது. அதன் மேல் தூசு ஒட்டி, நாளடைவில் தேன் நிறத்தில் இறுகிவிடுகிறது. பிரிட்ஜின் தலைப்பகுதியை விரலால் தடவிப் பார்த்தால் இது புரியும்.

வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் விட்டு, அதில் ஒரு துணியை நனைத்துப் பிழியுங்கள். தேய்க்க அவசரப்படாதீர்கள். பிசுக்கின் மேல் அந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் விரித்து வைத்தால் அது தானாக இளகிவிடும். மிச்சம் பிடிவாதமாக ஒட்டியிருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, மென்மையான ஸ்பான்ஜால் வட்டமாகத் தேய்த்து எடுங்கள். கம்பி நார் வேண்டாம். அது கீறல் போடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மீது இரும்புத் துணுக்குகளை விட்டுச்சென்று, பிறகு அவை துருப்பிடிக்கும். பிளீச்சும் வேண்டாம், ஸ்டீலில் அது புள்ளி புள்ளியாக அரித்துவிடும். பிளீச்சோடு வினிகரையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ எந்த நிலையிலும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, உலரவிட்டு, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரு முறை துடையுங்கள். அதன் பிறகு சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீர் ஒரே படலமாகப் பரவினால் பரப்பு சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெயோ பழைய பாலிஷோ இன்னும் இருக்கிறது, மறுபடியும் கழுவுங்கள். குறிப்பாகச் சிலிக்கோன் கலந்த பாலிஷ் மிச்சமிருந்தால் பெயின்ட் ஒட்டாமல் சிறு சிறு குழிகளாக விலகி நிற்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாதனத்துக்கு இவ்வளவே போதும் என்பது என் கருத்து. அதன் மேல் ஓடும் மெல்லிய கோடுகளின் திசையிலேயே, ஒரு சொட்டு எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். அதற்குப் பெயின்ட் அடிப்பது வீண் வேலை.

செலவே இல்லாத சில மாற்றங்கள்

சுத்தம் முடிந்ததும் சற்று விலகி நின்று பாருங்கள். பல நேரங்களில் சாதனத்தைப் பழையதாகக் காட்டுவது ஒன்றிரண்டு சின்ன விஷயங்கள்தான்.

பழைய பாத்திரம் கழுவும் இயந்திரங்கள் சிலவற்றில் முன்பலகையின் இரு பக்கமும் வேறு வேறு நிறத்தில் இருக்கும். ஓரச் சட்டத்தின் திருகுகளைக் கழற்றி, பலகையை உருவி, திருப்பிப் போட்டால் முடிந்தது.

மங்கிப்போன நிறுவனச் சின்னத்தை எடுக்க நினைத்தால், ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடாக்கி, பின்னால் மீன்பிடி நரம்பை விட்டு ரம்பம்போல் இழுங்கள். பசை மிச்சத்தைச் சமையல் எண்ணெயால் இளக்கி, சோப்பால் கழுவிவிடலாம். மாடல் எண்ணும் வரிசை எண்ணும் உள்ள தகட்டை மட்டும் தொடவேண்டாம். நாளை உதிரிபாகம் வாங்க அது வேண்டும்.

அடுப்புக் குமிழ்களை மாற்றினாலே அடுப்பின் களை மாறிவிடும். பழைய குமிழை உருவி, உள்ளிருக்கும் தண்டின் விட்டத்தையும் அதன் தட்டையான பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு வாங்குங்கள். கைப்பிடிக்கு இரு திருகுத் துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் முக்கியம். பொருந்தவில்லை என்பதற்காகப் பிரிட்ஜில் புதிதாகத் துளையிடக் கூடாது. உடலின் சுவருக்குள் குளிரூட்டும் வாயு ஓடும் குழாய்கள் இருக்கக்கூடும்; பல பிரிட்ஜ்களில் அந்த வாயு தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன்.

மஞ்சளித்த பிளாஸ்டிக்

வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாவதற்கு எப்போதும் அழுக்கு காரணமல்ல. ஒளியும் வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து பிளாஸ்டிக்கையே மாற்றிவிடுகின்றன. அதனால்தான் எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. கழற்றி எடுக்கக்கூடிய பாகமாக இருந்தால், தலைமுடிக்குச் சாயம் போடப் பயன்படும் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமை அதன் மேல் சமமாகத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் உறையால் சுற்றி, சில மணி நேரம் வெயிலில் வையுங்கள். கிரீம் உலர்ந்துபோனால் திட்டுத் திட்டாக வெளுக்கும். அவ்வப்போது பார்த்துத் தடவிக்கொண்டே இருங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மின்பாகங்கள் பொருத்தப்பட்டவற்றில் இதைச் செய்யாதீர்கள். காலப்போக்கில் மஞ்சள் திரும்பவும் வரலாம் என்பதையும் தெரிந்தே இறங்குங்கள்.

வினைலா, பெயின்டா?

இதை முடிவு செய்ய ஓர் எளிய சோதனை. சாதனத்தை அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, நீங்கள் மாற்ற நினைக்கும் பகுதியில் உள்ளங்கையை வையுங்கள். கையை வசதியாக வைத்திருக்க முடிந்தால் வினைல் ஒட்டலாம். சூடு தாங்காமல் கையை எடுத்தால் வினைலும் தாங்காது. சுருங்கி, பசை இளகி, ஓரங்கள் சுருண்டுவிடும். பிரிட்ஜ் கதவுக்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் முன்பக்கத்துக்கும் வினைல் நல்ல தேர்வு. அடுப்பும் ஓவன் கதவும் அதற்கு ஏற்றவையல்ல.

முதன்முறையாக முயல்பவர்களுக்கு நான் வினைலைத்தான் சொல்வேன். பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம்.

வினைல் ஒட்டும் முறை

1. கைப்பிடியைக் கழற்றுங்கள். திருகுகள் பெரும்பாலும் சிறு மூடிகளுக்குள் ஒளிந்திருக்கும்.

2. கதவை அளந்து, நான்கு பக்கமும் 3 செ.மீ. கூடுதலாக வைத்து வெட்டுங்கள். வாங்கும்போதே அகலத்தைப் பாருங்கள்: 60 செ.மீ. அகல ரோல் 70 செ.மீ. கதவுக்குப் போதாது, நடுவில் ஒட்டுப் போட்டால் அசிங்கமாகத் தெரியும். பளபளப்பான வினைல் அடியிலுள்ள ஒவ்வொரு தூசியையும் காட்டிக்கொடுக்கும். புதியவர்களுக்கு மேட் வகை உகந்தது.

3. தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் கலந்து கதவின் மேல் தெளியுங்கள். இந்த ஈரம் இருந்தால் வினைலை நகர்த்திச் சரிசெய்ய முடியும். பசைப்பக்கத்தில் காற்று வெளியேறும் நுண் கோடுகள் உள்ள வகை என்றால் மட்டும் உலர்ந்த பரப்பிலேயே ஒட்டுங்கள்.

4. மேலே 10 செ.மீ. அளவுக்கு மட்டும் பின்தாளை உரித்து, நேராகப் பொருத்துங்கள். இங்கே இம்மி கோணினால் கீழே விரற்கடை அளவு விலகிவிடும். பின்தாளை ஒருவர் மெல்ல இழுக்க, மற்றவர் துணி சுற்றிய பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி அழுத்தித் தேய்த்துக்கொண்டே வரவேண்டும். இருவர் இருந்தால் இந்த வேலை பாதி சுலபம்.

5. குமிழி நின்றுவிட்டால் உரிக்க வேண்டாம். ஊசியால் ஓரத்தில் ஒரு சிறு துளையிட்டு, காற்றைத் துளை நோக்கித் தள்ளுங்கள்.

6. மூலைகளில் ஹேர் டிரையரைக் காட்டினால் வினைல் இளகி வளைந்துகொடுக்கும். அதிகப்படியை 45 டிகிரி கோணத்தில் வெட்டி, ஓரங்களை உட்புறமாக மடித்து ஒட்டுங்கள். கதவு ரப்பர் பதியும் இடத்துக்கு வினைல் போகக்கூடாது. போனால் கதவு இறுக மூடாது.

7. புது பிளேடு போட்ட கட்டரால், அழுத்தாமல் வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு வினைலைக் கிழித்து, அடியில் உள்ள பெயின்டையும் கீறும்.

துரு இருந்தால் பெயின்ட்

துருவின் மேல் எதை ஒட்டினாலும் அது அடியில் பரவிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே துருப்பிடித்த பரப்புக்குப் பெயின்ட்தான் சரியான தீர்வு.

120 எண் உப்புத்தாளால், பளபளப்பான உலோகம் தெரியும் வரை துருவைத் தேயுங்கள். முகக்கவசம் அணியுங்கள். மிகப் பழைய சாதனம் என்றால் அதன் பெயின்டில் ஈயம் இருக்கலாம். தூசு பறக்காதபடி ஈர உப்புத்தாளால் தேய்ப்பது நல்லது. பெயின்ட் முடிந்து உலோகம் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு படிக்கட்டு இருக்கும். அதை 220 எண் தாளால் சரிவாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. இதில் கண்ணைவிட விரலையே நம்புங்கள், ஏனென்றால் விரலில் தட்டும் அந்தப் படி பெயின்ட் காய்ந்த பிறகு கோடாகத் தெரியும். பள்ளம் இருந்தால் உலோகத்துக்கான பட்டியை (பள்ளம் நிரப்பும் பசையை) மெல்லியதாக வைத்து, காய்ந்ததும் 320 எண் தாளால் சமமாக்குங்கள். வெற்று உலோகத்தின் மீது துருத்தடுப்பு பிரைமர் பூசுங்கள். மீதிப் பரப்பு முழுவதையும் 400 எண் தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் உரசி, தூசியைத் துடைத்துவிடுங்கள்.

வாங்க வேண்டியது வீட்டுச் சாதனங்களுக்கென்றே வரும் எபாக்சி ஸ்ப்ரே. எவ்வளவு தேவை என்பதற்குக் கணக்கு எளிது: 1.7 மீட்டர் உயரம், 0.7 மீட்டர் அகலம் உள்ள கதவு ஏறத்தாழ 1.2 சதுர மீட்டர். மூன்று பூச்சுக்கு 3.6. டப்பாவில் எழுதியிருக்கும் பரப்பளவோடு இதை ஒப்பிடுங்கள்.

ஸ்ப்ரேயின் வாயு தீப்பற்றக்கூடியது; பிரிட்ஜின் தானியங்கி சுவிட்சு பொறி கிளப்பக்கூடியது. பிளக்கைக் கழற்றுவதோடு உள்ளே இருப்பதையும் காலி செய்து, திறந்த வெளியில், நிழலில் வைத்து அடியுங்கள். பெயின்ட் ஆவியை வடிகட்டும் முகமூடி தேவை. தூசிக்கான சாதாரண முகக்கவசம் போதாது. வெளியே கொண்டுபோக முடியாவிட்டால் ஸ்ப்ரே எண்ணத்தை விட்டுவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, சிறிய ஃபோம் ரோலரால் பூசும் எபாக்சி எனாமலைத் தேர்ந்தெடுங்கள். ரப்பர், கீல், காற்றுத் துவாரங்கள், எண் தகடு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிடுங்கள்.

டப்பாவை நன்றாகக் குலுக்கி, முதலில் ஓர் அட்டையில் அடித்துப் பாருங்கள். பரப்பிலிருந்து 25 முதல் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, கதவின் ஓரத்துக்கு வெளியே தொடங்கி, மறு ஓரத்தைத் தாண்டி விரலை எடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பாதி மூடவேண்டும். முதல் பூச்சு பனி படிந்ததுபோல் இருந்தால் போதும். பழைய நிறம் தெரியத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதறி அங்கேயே கூடுதலாக அடித்தால் வழிந்துவிடும். 10 முதல் 15 நிமிடம் விட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது பூச்சு. பல ஸ்ப்ரேக்களில் மறுபூச்சைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்கவேண்டும், அல்லது ஓரிரு நாள் பொறுத்துத்தான் அடிக்கவேண்டும். இடையில் அடித்தால் பரப்பு சுருங்கிவிடும். டப்பாவில் உள்ள இந்த ஒரு வரியைப் படிக்காமல் தொடங்காதீர்கள். வழிந்த இடத்தை ஈரத்தில் தொடவேண்டாம். முழுதாகக் காய்ந்தபின் 400 எண் தாளால் தேய்த்து மீண்டும் அடிக்கலாம்.

மைக்ரோவேவும் ஓவனும்

மைக்ரோவேவின் வெளிக்கூட்டைத் துடைக்கலாம், கதவின் சட்டத்தில் வினைல் ஒட்டலாம். காற்றுத் துவாரங்களை மூடக்கூடாது. கூட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். உட்சுவரில் சாதாரண பெயின்ட் பூசுவதும் தவறு.

ஓவனின் வெளிப்பக்கத்துக்கு, சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று குறிப்பிட்ட உயர்வெப்ப பெயின்ட் கிடைக்கிறது. உணவு படும் எந்தப் பகுதிக்கும் அது ஆகாது. முதல் சில முறை சூடாகும்போது வாடை வரும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

காயவிடுங்கள்

பெயின்ட் சில மணி நேரத்தில் கையில் ஒட்டாமல் ஆகிவிடும். முழுமையாக இறுக ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். கைப்பிடியை ஒரு நாள் கழித்துப் பொருத்தலாம். காந்தப் பொம்மைகளையும் சோப்புத் துடைப்பையும் அந்த ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். மீதமுள்ள ஸ்ப்ரேயைத் தூக்கிப்போடாதீர்கள். பிறகு எங்காவது கீறல் விழுந்தால், டப்பாவின் மூடியில் சிறிது பீய்ச்சி, மெல்லிய தூரிகையால் தொட்டு அந்த இடத்தில் மட்டும் பூசிவிடலாம். உலோகம் வெளியே தெரிந்தால் அன்றே பூசிவிடுங்கள், துரு அந்த வழியாகத்தான் மீண்டும் நுழையும்.