லுக்ஸ் உளவு வண்டி: எழுதும்போதும் சிற்றுரு மாதிரி செய்யும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் குழப்பம் பெயரிலேயே வருகிறது. இரண்டாம் உலகப்போரிலும் ஜெர்மானியரிடம் ‘லுக்ஸ்’ என்றொரு வண்டி இருந்தது. அது சங்கிலிப் பட்டையில் ஓடிய பான்சர் 2 டாங்கியின் ஒரு வகை. இரண்டிலும் 20 மி.மீ. துப்பாக்கிதான் என்பதால் விவரங்கள் எளிதில் கலந்துவிடுகின்றன. இங்கே பேசுவது 1975 முதல் 1978 வரை தைசன்-ஹென்ஷல் என்ற ஜெர்மன் நிறுவனம் கட்டித் தந்த 408 ‘ஷ்பேபான்சர் லுக்ஸ்’ (கவச உளவு வண்டி) வண்டிகளைப் பற்றி. பெயர் ஒத்திருக்கும் ‘ஃபுக்ஸ்’ வேறு, அது ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டி. சக்கரத்தை எண்ணுங்கள்: ஃபுக்ஸுக்கு ஆறு, லுக்ஸுக்கு எட்டு.

குழு நான்கு பேர். நான்காமவரை ‘மாற்று ஓட்டுநர்’ என்று எழுதுவது பெரிய பிழை. ரேடியோவைக் கவனிக்கும் அவர் பின்னோக்கி அமர்ந்திருப்பார். எதிரில் அவருக்கென்றே தனி ஸ்டீயரிங். முன்னால் மணிக்கு 90 கி.மீ. என்றால் பின்னாலும் அதே வேகம். குறுகிய காட்டுப் பாதையில் எதிரி தென்பட்டால் சுமார் 19.5 டன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்க நேரமில்லை. பின்னவர் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். இந்த வண்டியின் உயிரே இதில்தான் இருக்கிறது.

மாதிரி செய்பவர்கள் அதிகம் சறுக்குவது சக்கரத் திருப்பத்தில். எட்டும் திரும்பும். முழுத் திருப்பத்தைக் காட்டுவதென்றால் முன் நான்கை இடப்பக்கமும் பின் நான்கை வலப்பக்கமும் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் ஒட்டிவிடாதீர்கள்: முதல், நான்காம் அச்சுகள் கூடுதலாகவும் நடுவில் உள்ள இரண்டும் குறைவாகவும் திரும்பியிருக்கும். சாலையில் வேகமாகப் போவதாகக் காட்டினால் முன் நான்கு மட்டும் போதும்.

மூக்கில் மடிந்து கிடக்கும் அலைத்தடுப்புப் பலகையைத் தரையில் நிற்கும் வண்டியில் நிமிர்த்தி வைப்பதும் தவறு. ஆற்றில் இறங்குமுன் ஹைட்ராலிக் விசையால் எழுப்புவது அது. இல்லையென்றால் முன்னலை மூக்கின்மேல் ஏறி வண்டியை அழுத்தும். தண்ணீரில் தள்ளுவது பின்னால் உள்ள இரண்டு புரொப்பெல்லர்கள், வேகம் 10 கி.மீ. அளவுதான்.

20 மி.மீ. ஆர்எச் 202 துப்பாக்கி இருப்பதால் இதைத் தாக்குதல் வண்டியாக எழுதுகிறார்கள். பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் விலகுவதற்கான வண்டி இது. சிக்கிக்கொண்டால் விடுபடத்தான் அந்தத் துப்பாக்கி. டாங்கியோடு மோத அல்ல.

நிறத்திலும் கவனம் வேண்டும். 1970களின் வண்டிக்கு மஞ்சள் கலந்த ஒரே ஆலிவ் நிறம். பச்சை, பழுப்பு, கறுப்பு என்ற மூவண்ணத் திட்டுகள் 1980களில் வந்தவை.