பழைய படத்தில் இருப்பது எந்தப் பிரெஞ்சுப் போர்க்கப்பல்? கண்டுபிடிக்கும் முறை

தபால் அட்டையில் அச்சாகியிருக்கும் பெயரை வைத்துத் தேடலைத் தொடங்காதீர்கள். கப்பல் பெயர் மாறி அச்சாவது அந்தக் கால அட்டைகளில் சகஜம். பெயர் சரியாக இருந்தாலும் விஷயம் முடியாது. 'க்ளுவார்' என்ற பெயரில் 1859-இல் பிரான்ஸின் தூலோன் துறைமுகத்தில் நீரில் இறக்கிய இரும்புக்கவசக் கப்பலும் உண்டு, 1900-இல் இறக்கிய கவச க்ரூஸரும் உண்டு. 'மஜென்டா' 1861-இல் ஒன்று, 1890-இல் இன்னொன்று.

எளிதில் மாற்ற முடியாத பாகங்களை முதலில் பாருங்கள், மாற்றக்கூடியவற்றைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் உடலின் வடிவம், அடுத்து புகைபோக்கிகள் நிற்கும் விதம், பிறகு பெரிய பீரங்கிகள். பாய்மரம், பெயின்ட், படகுகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். பலர் பாய்மரத்தில் தொடங்கித் தடம் மாறிவிடுகிறார்கள்.

படம் அசல் புகைப்படப் பிரதியாக இருந்தால் 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். லென்ஸில் பார்க்கும்போது புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சுப் பிரதி. அதற்கு 600 போதும், மேலே போனால் புள்ளிகள்தான் பெரிதாகும். ஸ்கேன் முடிந்ததும் மாலுமிகளின் தொப்பி நாடாவையும் கப்பலின் பின்பக்க எழுத்துகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து இடவலமாகத் திரும்பியிருந்தால் நெகட்டிவைப் பக்கம் மாற்றி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். படத்தைத் திருப்பிய பிறகே மற்ற வேலை.

கொடி ஒரு பொறி. அந்தக் காலப் புகைப்படப் பிளேட்டுகளில் நீலம் வெளிறியும் சிவப்பு கறுத்தும் பதியும். பிரெஞ்சு மூவர்ணக் கொடியில் கம்பத்தை ஒட்டிய நீலமும் நடுவிலுள்ள வெள்ளையும் ஒன்றாகக் கலந்து, வெளிநுனியில் மட்டும் ஒரு கறுப்புப் பட்டை தெரியும். வேறு நாட்டுக் கொடி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கடற்படைக் கொடியில் மூன்று பட்டைகளும் சம அகலம் இல்லை; 30:33:37 என்ற விகிதத்தில் சிவப்புதான் அகலம்.

இனி உடல். 1850, 60-களின் கப்பல் என்றால் பக்கவாட்டில் உள்ள பீரங்கித் துவாரங்களின் வரிசையை எண்ணுங்கள். இரும்புக்கவசமும் இரண்டு வரிசைத் துவாரங்களும் சேர்ந்திருந்தால் அது 'மஜென்டா' அல்லது 'சொல்ஃபெரினோ'. அப்படிக் கட்டப்பட்ட கவசக் கப்பல்கள் உலகத்திலேயே அந்த இரண்டுதான். 'க்ளுவார்' ஒற்றை வரிசை, சுமார் 78 மீட்டர் நீளம், மர உடலின் மேல் 12 செ.மீ. அளவு இரும்புத் தகடு. இந்தக் கப்பல்களின் பாய் அமைப்பை அடிக்கடி மாற்றினார்கள், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

1880, 90-களுக்கு வந்தால் பிரெஞ்சுக் கை சட்டென்று தெரியும்: நீர்மட்டத்தில் அகலமாகத் தொடங்கும் பக்கச் சுவர் மேலே போகப் போக உள்ளே சரியும். முன்னிருந்தோ பின்னிருந்தோ எடுத்த படத்தில் இது பளிச்சென்று தெரியும். பக்கவாட்டுப் படத்தில் நிழலைத்தான் தேட வேண்டும். பக்கத்துப் பீரங்கி மேடைகள் வெளியே துருத்தி, கீழே சுவரில் கறுப்பு நிழல் போட்டிருக்கும். மேல்தளம் குறுகியதால் பக்கத்துப் பீரங்கியை நேர் முன்னாலும் சுட முடிந்தது. தண்ணீர் புகுந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் நிமிர்த்தும் வலு குறைந்துபோனது அதற்குக் கொடுத்த விலை. 1915 மார்ச் 18 அன்று துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில் கண்ணிவெடியில் சிக்கிய 'பூவே' போர்க்கப்பல் இரண்டு நிமிட அளவில் கவிழ்ந்து மூழ்கியது.

மூக்கையும் விடாதீர்கள். நீருக்கடியில் கலப்பைக் கொழு மாதிரி முன்னே நீளும் முட்டுக்கொம்பு 'மசேனா'விலும், 1890-இல் இறக்கிய க்ரூஸர் 'துப்புயி த லோம்'மிலும் மிகத் தூக்கலாக இருக்கும். 'ப்ரெனூஸ்' கப்பலில் கொம்பே கிடையாது.

புகைபோக்கிகளை எண்ணுவதைவிட அவை எப்படிக் கூட்டம் பிரிந்து நிற்கின்றன என்பதுதான் முக்கியம். முன்னால் மூன்று, இடைவெளி விட்டுப் பின்னால் இரண்டு என்றால் 'தாந்தோன்' வகுப்பு (ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல்களின் தொகுதிதான் வகுப்பு). முன்னால் இரண்டு, தள்ளிப் பின்னால் ஒன்று என்றால் பெரும்பாலும் 'ரெபுப்ளிக்' அல்லது 'லிபர்த்தே' வகுப்பு. மூன்றும் மூன்றுமாக ஆறு இருந்தால் 'ழான் தார்க்', 'எர்னெஸ்ட் ரெனான்', 'எத்கார் கினே', 'வல்தெக் ரூஸோ' ஆகிய க்ரூஸர்களில் ஒன்று. முன்பின் பீரங்கிக் கோபுரங்களில் ஒற்றைக் குழல் இருந்தால் 'ழான் தார்க்'; மற்ற மூன்றிலும் இரட்டைக் குழல்.

சாய்கோணத்தில் எடுத்த படத்தில்தான் எண்ணிக்கை கவிழ்கிறது. கோணம் கூடக்கூடப் புகைபோக்கிகளுக்கு இடையிலுள்ள தூரம் சுருங்கும். ஆனால் உருளையாக இருப்பதால் ஒவ்வொன்றின் அகலமும் அப்படியே நிற்கும். ஒன்றை ஒன்று மறைத்து, ஆறு நான்காகத் தெரியும். இப்படிப்பட்ட படத்தில் கிடைமட்ட அளவுகளை விட்டுவிட்டு உயரங்களை ஒப்பிடுங்கள்: புகைபோக்கி உயரம், பாய்மர உயரத்தில் எத்தனை பங்கு? அதைக் கப்பலின் வரைபடத்தோடு பொருத்துங்கள். எண்ணிக்கை கடலிலேயே ஏமாற்றும் என்பதற்கு எம்டனே சாட்சி. 1914 அக்டோபர் 28 அன்று பொய்யாக நான்காவது புகைபோக்கி கட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்த எம்டன், வெளியேறும்போது 'மூஸ்கே' என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தது.

வகுப்பு தெரிந்த பிறகு கப்பலைப் பிரிப்பது பீரங்கி. 1890-இன் திட்டத்தில் 'ஷார்ல் மார்த்தெல்', 'கார்னோ', 'ஜொரேகிபெரி', 'மசேனா', 'பூவே' என ஐந்து போர்க்கப்பல்கள். ஒரே விவரக்குறிப்பை வடிவமைப்பாளர்கள் ஐந்து விதமாகக் கட்டினார்கள், 'மாதிரிகளின் கடற்படை' என்று கேலிப்பெயரும் கிடைத்தது. ஐந்திலும் முன்னும் பின்னும் ஒற்றை 305 மி.மீ. பீரங்கி (அளவு குழல் துளையின் விட்டம்), இரு பக்கமும் ஒற்றை 274 மி.மீ. பீரங்கி. வித்தியாசம் 138.6 மி.மீ. சிறு பீரங்கிகளில்: 'ஷார்ல் மார்த்தெல்'லில் எட்டும் தனித்தனிக் கோபுரங்களில், 'ஜொரேகிபெரி'யில் நான்கு இரட்டைக் கோபுரங்களில். 'ரெபுப்ளிக்', 'பத்ரி' இரண்டையும் 'லிபர்த்தே' வகுப்பிலிருந்து பிரிக்கவும் இதே வழி. முன்னதில் பக்கத்துக் கோபுரங்களில் 164.7 மி.மீ. இரட்டைக் குழல், பின்னதில் 194 மி.மீ. ஒற்றைக் குழல். பக்கத்துக் கோபுரம் ஒன்றை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, குழல்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

காலம் குறிக்கும்போதுதான் பாய்மரம் உதவும். உள்ளே படிக்கட்டும் மேலே சிறு பீரங்கித் தட்டும் கொண்ட தடித்த குழாய்ப் பாய்மரங்களைப் பின்னாளில் பல கப்பல்களில் இலகுவாக்கினார்கள், தடித்தது நின்றால் படம் முந்தையது. பிரெஞ்சு அட்டையின் முதுகு நடுக்கோடு போட்டு இரண்டாகப் பிரிந்திருந்தால் அச்சு 1903 கடைசிக்கு முன்பல்ல; படம் எடுத்தது அதற்கும் முன்பாக இருக்கலாம். 'இயேனா' 1907 மார்ச் 12 அன்றும், 'லிபர்த்தே' 1911 செப்டம்பர் 25 அன்றும் தூலோனில் வெடித்துச் சிதறின. சேதமில்லாமல் நிற்கும் படம் எதுவானாலும் அந்தத் தேதிக்கு முந்தையது.

வரைபடங்களுக்கு வின்சென்னில் உள்ள பாதுகாப்புத் துறை வரலாற்று ஆவணக் காப்பகம், படங்களுக்கு பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் 'காலிக்கா' இணையதளம். தேடும்போது பெயரோடு நீரில் இறக்கிய ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் 'மஜென்டா'வைக் கேட்டால் அதே பெயருள்ள போர்க்களமும் வந்து நிற்கும். சான்று வகுப்போடு நின்றுவிட்டால் குறிப்பையும் அங்கேயே நிறுத்துங்கள்: "லிபர்த்தே வகுப்பு, பெயர் தெரியவில்லை" என்று எழுதி, எந்தப் பாகத்தைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதைப் பக்கத்திலேயே பென்சிலில் குறித்து வையுங்கள்.